மேலே ஏறும் பந்தயத்தில் பணயம் வைப்பது யார், இழப்பது யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரித் தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் டிவிஷனில் பல கிளப்புகள் வருமானத்தைவிட அதிகமாகச் சம்பளம் கொடுக்கின்றனவாமே, எந்த மளிகைக் கடையும் இப்படி ஒரு வருடம்கூடத் தாங்காதே, இவை மட்டும் எப்படி ஓடுகின்றன? அணி மேல் டிவிஷனுக்கு ஏறியதும் ரசிகர்கள் ஏன் மைதானத்துக்குள் பாய்கிறார்கள்? நம் நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லிலும், ஜெயிக்கும் அணி மேல் டிவிஷனுக்கும் தோற்கும் அணி கீழ் டிவிஷனுக்கும் போகும் இந்த ஏற்ற இறக்கம் வந்தால் நல்லதா?

புதுச்சேரியிலிருந்து பல வருடங்களாக இந்த லீக்குகளைப் பின்தொடர்பவன் நான். எனக்கு இந்த மூன்று கேள்விகளும் ஒன்றுதான். கிளப்பின் பணத்தை யாரோ ஒருவர் பந்தயத்தில் வைக்கிறார். ஜெயித்தால் பெயர் அவருக்கு. தோற்றால் கடனும் அவமானமும் ஊருக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் செலவும் புரியும், கூட்டமும் புரியும்.

முதலில் பந்தயத்தின் அமைப்பு. சாம்பியன்ஷிப் என்கிற அந்த இரண்டாம் டிவிஷனில் 24 அணிகள், ஆளுக்கு 46 மேட்ச். முதல் இரண்டு அணிகள் நேராக முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்குப் போகும். நான் கீழே சொல்லும் சீசன்களில் இருந்த விதிப்படி, மூன்று முதல் ஆறு வரை வந்தவர்கள் பிளே-ஆஃப் என்ற கூடுதல் சுற்று ஆடி, லண்டன் வெம்ப்லி மைதானத்தில் நடக்கும் ஃபைனலில் ஜெயிப்பவர் மூன்றாவதாக ஏறுவார். 2024-25 சீசனில் லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்குச் சரியாக 100 பாயின்ட் எடுத்தன. பர்ன்லி 46 மேட்சில் வாங்கிய கோல்கள் வெறும் 16. மூன்றாவது வந்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு 90 பாயின்ட், நான்காவது வந்த சண்டர்லாண்டுக்கு 76. இந்த இருவரும் ஃபைனலில் மோதினார்கள். 95-வது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் சண்டர்லாண்ட் 2-1 என்று ஜெயித்து மேலே போனது. பதினான்கு பாயின்ட் அதிகம் எடுத்த அணி கீழேயே தங்கிவிட்டது. ஒன்பது மாத உழைப்பை ஒரு மதியப் பொழுது தலைகீழாக்கிவிடும் இந்த அமைப்பை நான் மனதார விரும்புகிறேன். உரிமையாளர்களைப் பைத்தியமாக்குவதும் இதே அமைப்புதான்.

காரணம் டிவி பணம். 2023-24இல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு லீக்கிலிருந்து வந்த பங்கு கிட்டத்தட்ட 110 மில்லியன் பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 1,200 கோடி ரூபாய், அதுவும் கடைசி இடத்துக்கு. ஒரு படி கீழே சாதாரண சாம்பியன்ஷிப் கிளப்புக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, ‘இந்த வருடம் கொஞ்சம் கடன் வாங்கினால் அடுத்த வருடம் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்’ என்று தோன்றாத உரிமையாளர் அபூர்வம். ஒருவருக்குத் தோன்றினால் பரவாயில்லை. பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றுகிறது, இடமோ மூன்றுதான். சம்பளம் வருமானத்தைத் தாண்டுவது இப்படித்தான். பல சீசன்களில் அந்த டிவிஷன் முழுவதையும் கூட்டிப் பார்த்தாலே சம்பளச் செலவு மொத்த வருமானத்தைவிட அதிகமாக இருந்தது. மீதியை உரிமையாளர் தன் பையிலிருந்து போடுகிறார். அவருக்குச் சலித்துப்போகும் நாள் வரை கிளப் ஓடும்.

இதற்கு மேல் பாராசூட் பணம் என்று ஒன்று உண்டு. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியவர்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடங்கள் வரை குறைந்துகொண்டே வரும் ஒரு தொகை. இறங்கியவுடன் கிளப் திவாலாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மேலேயிருந்து விழுந்தவனே மறுபடி ஏறுவதற்கும் இது வசதி செய்து கொடுக்கிறது. மற்றவர்கள் அவனுக்கு ஈடுகொடுக்க இன்னும் கடன் வாங்குகிறார்கள். ஏறியவர்கள் நிலைக்கிறார்களா என்றால் அதுவும் கஷ்டமாகிவிட்டது. 2023-24இல் ஏறிய லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் மூன்றும் ஒரே வருடத்தில் இறங்கின. அடுத்த வருடம் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றுக்கும் அதே கதி.

இந்தச் சூதாட்டத்தைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் காட்டுவது ஒரே ஒரு மேட்ச்: 2019 மே 27, வெம்ப்லி, பிளே-ஆஃப் ஃபைனல், ஆஸ்டன் வில்லாவும் டெர்பி கவுன்டியும். இரண்டு கிளப்புகளுமே வரவுக்கு மீறிச் செலவு செய்து வந்தவை. ஒரு கிளப் எவ்வளவு நஷ்டம் காட்டலாம் என்று வரம்பு போடும் விதியைச் சமாளிக்க இரண்டும் ஒரே வழியில் போயின. தங்கள் ஸ்டேடியத்தைத் தங்கள் உரிமையாளருக்கே விற்று, அந்தப் பணத்தை லாபமாகக் கணக்கில் காட்டின. டெர்பியின் பிரைட் பார்க் சுமார் 80 மில்லியன் பவுண்டுக்கும் வில்லா பார்க் சுமார் 57 மில்லியனுக்கும் கைமாறின. அன்று வில்லா 2-1 என்று ஜெயித்தது. ஆறு வருடத்தில் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி வரை போய்விட்டது. தோற்ற டெர்பி 2021 செப்டம்பரில், திவாலாகும் நிலையில் உள்ள நிறுவனங்களை எடுத்து நடத்தும் நிர்வாகிகள் கைக்குப் போனது. 21 பாயின்ட் பறிக்கப்பட்டு, அடுத்த ஏப்ரலில் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தது. பறித்ததைச் சேர்த்திருந்தால் டெர்பிக்கு 55 பாயின்ட், பிழைத்திருக்கும். வில்லா புத்திசாலி, டெர்பி முட்டாள் என்று பலர் இன்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இருவரும் ஒரே தவறைச் செய்தார்கள், நடுவில் இருந்தது ஒரு கோல்.

லீட்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரப்போகும் டிக்கெட் வசூலைக் காட்டி 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கி, 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடி, 2004இல் இறங்கி, 2007இல் மூன்றாம் டிவிஷன் வரை போய், 2020இல்தான் மேலே திரும்பியது. ஆனால் என்னை அதிகம் வருத்துவது பரி என்ற இங்கிலாந்துக் கிளப்பின் கதை. 1885இல் தொடங்கிய கிளப், இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வென்றது. 2019 வசந்தத்தில் நான்காம் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள், ஊரே கொண்டாடியது. அந்த அணிக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. அதே வருடம் ஆகஸ்ட்டில் லீக் அவர்களை வெளியே தள்ளியது. மேலே ஏறிய கிளப் புதிய டிவிஷனில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. வசந்தத்தில் கொண்டாடிய ஆளும் ஆகஸ்ட்டில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்ற ஆளும் ஒருவரேதான்.

அதற்காக ஏற்ற இறக்கமே தப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். லூட்டனைப் பாருங்கள். பழைய நிர்வாகங்கள் செய்த காரியங்களுக்காக 2008-09இல் 30 பாயின்ட் வெட்டு வாங்கி லீக்கை விட்டே வெளியேறிய அணி. 2014இல் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறி, 2023இல் கோவென்ட்ரியை பெனால்டியில் வென்று பிரீமியர் லீக்குக்கு வந்தது. கெனில்வொர்த் ரோடு என்ற அவர்கள் மைதானத்தில் ஒரு பக்கம் உள்ளே போக, வரிசை வீடுகளுக்கு நடுவில் நுழைந்து படியேற வேண்டும். அந்த ஒரு வருடத்தில் வந்த பணத்தை நட்சத்திர வீரர்கள் மேல் கொட்டவில்லை. மறு வருடம் இறங்கினார்கள், அதற்கு அடுத்த வருடம் இன்னொரு படியும் இறங்கினார்கள். ரசிகர்களுக்கு வலித்தது, ஆனால் கிளப் உயிரோடு இருக்கிறது, புதிய ஸ்டேடியத் திட்டமும் நடக்கிறது. இறங்குவது கிளப்பைக் கொல்வதில்லை, இறங்கும்போது கையில் இருக்கிற ஒப்பந்தங்கள்தான் கொல்கின்றன. ஒரு கிளப் பணத்தை எப்படிக் கையாள்கிறது என்று தெரிய வேண்டுமானால் யாரை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்ற செய்தியை விட்டுவிடுங்கள். வருமானத்தில் எத்தனை சதவீதம் சம்பளத்துக்குப் போகிறது, அணி இறங்கினால் சம்பளம் குறையும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா, ஸ்டேடியம் யார் பெயரில் இருக்கிறது, இந்த மூன்றைப் பாருங்கள்.

இங்கே புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கான பென்ஷன், வாங்கும் வீடுகளும், பாரிஸில் அண்ணனோ மச்சானோ இருக்கும் குடும்பங்களும் இங்கே ஏராளம். 1998 உலகக் கோப்பையிலிருந்து பிரெஞ்சுக் கால்பந்தை விடாமல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் டிஎன்சிஜி என்று சொன்னால் உடனே புரியும். பிரான்சில் தொழில்முறைக் கிளப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் அமைப்பு அது. சீசன் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு கிளப்பும் வரவு செலவைக் கொண்டுபோய் அதன் முன் வைக்க வேண்டும். காசு எங்கிருந்து வருகிறது என்று நிரூபிக்காவிட்டால் புதிய வீரர்களை எடுக்கத் தடை வரும், சம்பளத்துக்கு உச்சவரம்பு வரும், கடைசியில் கீழ் டிவிஷனுக்கும் இறக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் செலவு செய்து முடித்தபின் பாயின்ட் வெட்டும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். 2025 ஜூனில் லியோன் கிளப்பையே இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். உரிமையாளர் தரப்பு பணத்துக்கு வழி காட்டியதும் ஜூலையில் அப்பீலில் அது ரத்தானது. மிரட்டல் வேலை செய்தது என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அமைப்பிலும் ஓட்டை உண்டு. ஜினதின் ஜிதான் 1992 முதல் 1996 வரை ஆடிய போர்தோ கிளப், ஆறு முறை பிரெஞ்சு சாம்பியன். 2022இல் அதை மூன்றாம் டிவிஷனுக்கு இறக்க டிஎன்சிஜி முடிவெடுத்தபோது, அப்பீலுக்குப் பின் இரண்டாம் டிவிஷனிலேயே விட்டுவைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2024 ஜூலையில், வாங்க வந்தவர்கள் விலகியதும் கிளப் தொழில்முறை அந்தஸ்தையே கைவிட்டு நான்காம் டிவிஷனுக்குப் போனது. முதல் முறையே கடுமையாக இருந்திருந்தால் இவ்வளவு ஆழத்துக்கு விழுந்திருக்காது.

இங்கிலாந்தும் இப்போது மாறுகிறது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கிளப்புகளுக்கு உரிமம் கொடுக்கும் தனி அமைப்பு ஒன்று வந்திருக்கிறது. ஜெர்சி நிறம் போன்ற அடையாளங்களை ரசிகர்களைக் கேட்காமல் மாற்றுவதற்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. கார்டிஃப் கிளப்பின் நீல ஜெர்சியை உரிமையாளர் 2012இல் சிவப்பாக மாற்றி, கடும் எதிர்ப்புக்குப் பின் 2015இல் திரும்ப நீலத்துக்கு வந்ததை நினைத்தால் இது எவ்வளவு தேவை என்று தெரியும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மேலே ஏறியதும் மைதானத்துக்குள் ஓடுவதில் பெரும்பாலானோருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பல வருடம் தோல்வியைப் பார்த்தவர்கள், புல்லைத் தொட வேண்டும், வீரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஓடுகிறார்கள். ஆனாலும் நான் அதை ஆதரிக்க மாட்டேன். 2022 மே மாதம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் பிளே-ஆஃப் அரையிறுதி ஜெயித்ததும் உள்ளே ஓடிய ஒருவர், எதிரணியின் பில்லி ஷார்ப்பைத் தலையால் முட்டிக் கீழே தள்ளினார். அவருக்குச் சிறை கிடைத்தது. 2025 மே 10 அன்று ஜெர்மனியின் ஹம்பர்க், உல்ம் அணியை 6-1 என்று வென்று ஏழு வருடத்துக்குப் பின் மேலே ஏறியபோது, கொண்டாட்ட நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, உயரமான இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எல்லோரும் இறங்கியதுதான் காரணம். இறங்குகிற பக்கத்தின் கோபம் வேறு மாதிரி. அதே 2022 மே மாதம் பிரான்சின் செந்த் எத்தியேன், ஓசேர் அணியிடம் பெனால்டியில் தோற்று இறங்கியதும், ரசிகர்கள் வீரர்கள் போகும் வழியை நோக்கி எரியும் ஃபிளேர்களை வீசினார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போதே மூன்று பாயின்ட் வெட்டு, சொந்த மைதானத்தில் காலி கேலரி. தங்கள் கிளப்பைத் தாங்களே தண்டித்துக்கொண்டார்கள், இதை நியாயப்படுத்த வழியே இல்லை.

ஆனால் கூட்டம் என்றாலே ஆபத்து என்று நினைக்கும் அதிகாரிகள்தான் இந்த விளையாட்டில் அதிக உயிர்களைப் பறித்திருக்கிறார்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். பழி முதலில் ரசிகர்கள் மேல் போடப்பட்டது. போலீஸ் கேட்டைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே நிரம்பிய, வேலி போட்ட பகுதிக்குள் கூட்டத்தை விட்டதுதான் காரணம் என்பதும், ரசிகர்கள் மேல் தப்பில்லை என்பதும் 2016இல்தான் விசாரணைத் தீர்ப்பாக வந்தது. குடும்பங்கள் 27 வருடம் போராடின. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில், அரேமா தோற்றதும் சில ஆயிரம் பேர் உள்ளே இறங்க, போலீஸ் கேலரியை நோக்கிக் கண்ணீர்ப்புகை குண்டு வீசியது. எல்லோரும் குறுகிய வாசல்களுக்கு ஓட, 135 பேர் செத்தார்கள்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி கிடையாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்சில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். மாஹே நம் யூனியன் பிரதேசம்தான். அதைச் சுற்றியுள்ள வட கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மேட்சுகளுக்குக் கட்டும் தற்காலிக கேலரிகளை நேரில் பார்த்தவர்களுக்கு பயம் தெரியும். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் அப்படி ஒரு கேலரி சரிந்து சுமார் 200 பேர் காயமடைந்தார்கள். உப்பளம் மைதானத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ ஒரு டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் பரிசுக் கோப்பையின் உயரத்தைப் பேசும் முன், எத்தனை வாசல், அவை எந்தப் பக்கம் திறக்கின்றன, கேலரியை எந்த இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று பேச வேண்டும்.

கூட்டம் ஒழுங்காகவும் கோபமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. அங்கே 50+1 விதிப்படி பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பங்கு உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. லீக்கின் டிவி வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது, 2023 டிசம்பர் தொடங்கி வாராவாரம் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து மேட்சுகளை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பணம் யார் கையில் போகிறது என்று ரசிகர்கள் கவனித்தால் இது நடக்கும்.

இப்போது நம் நாடு. ஏற்ற இறக்கம் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் சென்னை சிட்டி, ஒரு கோல் பின்தங்கியிருந்து மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஐஎஸ்எல்லைத் தவிர நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் சாம்பியன் ஆனது. 43 பாயின்ட், ஒரு பாயின்ட் பின்னால் ஈஸ்ட் பெங்கால். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். தமிழ்நாட்டிலிருந்து ஒரு அணி நாட்டின் லீக்கை வென்றது, ஆனால் ஐஎஸ்எல்லுக்கு ஏற வழியே இல்லாத காலம் அது. மேலே கதவு இல்லாத ஊரில் முதலீடு செய்தவர் எவ்வளவு நாள் தாங்குவார்? 2020-21 சீசனுக்குப் பிறகு அந்தக் கிளப்பை ஐ-லீக்கில் பார்க்க முடியவில்லை.

பிறகு கதவு திறந்தது. 2023இல் பஞ்சாப் அணியும், 2024இல் கொல்கத்தாவின் முகமதன் அணியும் ஐ-லீக்கிலிருந்து ஐஎஸ்எல்லுக்கு ஏறின. 2024-25 ஐ-லீக்கில் யார் சாம்பியன் என்பது ஏப்ரலில் மேட்சுகள் முடிந்த பிறகும் தீராமல், ஜூலையில் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் என்று சொன்ன பிறகே முடிந்தது. களத்தில் ஜெயித்தது யார் என்று நூறு நாளுக்குப் பின் வக்கீல்கள் சொல்வது எந்த ரசிகனுக்கும் அவமானம். ஐஎஸ்எல்லிலிருந்து கீழே இறங்குவதோ அதுவரை நடக்கவே இல்லை. 2024-25இல் முகமதன் கடைசி இடம், வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி, ஆனாலும் அதே இடத்தில்தான் இருந்தது.

‘இறங்கும் பயம் இல்லையென்றால் கிளப்புகள் நிதானமாகச் செலவு செய்யும்’ என்று நம் அதிகாரிகள் பல வருடம் வாதாடினார்கள். ஹைதராபாத்தைப் பார்த்துவிட்டு அதை யாரும் சொல்ல முடியாது. புனே சிட்டி பணமில்லாமல் நின்றதும் அந்த இடத்தில் 2019இல் ஹைதராபாத் வந்தது. 2021-22இல் கோப்பையை வென்றது. இரண்டே வருடத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் வெளிநாட்டு வீரர்கள் கிளம்பிவிட, சீசன் முழுவதும் ஒரே வெற்றியோடு கடைசி இடம். 2025இல் அந்த இடம் டெல்லிக்குப் போய்விட்டது. மூடிய லீக்கிலும் கடன் ஏறும், கூடவே ஊர் மாறும் அபாயமும் உண்டு. அதனால் என் பதில் இது: இறக்கமும் வேண்டும், அதற்கு முன் பிரெஞ்சு முறையில் சீசனுக்கு முன்னான கணக்குச் சோதனையும் வேண்டும். ஒரு ரூபாய் சம்பளப் பாக்கி இருந்தாலும் புதிய வீரரைப் பதிவு செய்ய விடக்கூடாது.

கடலூர்க்காரர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் தம்பி. உங்கள் ஊரின் பலம் பெண்கள் கால்பந்து. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். உங்கள் ஊரின் இந்திரா காந்தி அகாடமி 2017-18இல் தேசிய மகளிர் லீக்கிலேயே ஆடியது. 2018 பிப்ரவரியில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இந்துமதி இருந்தார். மகளிர் லீக்குக்கு இப்போது இரண்டாம் டிவிஷனும் வந்துவிட்டது, அதில் ஜெயித்தால் மேலே போகலாம். ஆனால் இந்தியா முழுக்க ரயிலிலும் விமானத்திலும் ஒரு அணியை அனுப்ப, ஹாஸ்டல், ஃபிசியோ, கோச் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கடலூர் அளவிலான ஊரில் யார் கொடுப்பார்கள்? டிக்கெட் வசூலும் டிவி பணமும் இல்லாத அந்த லீக்கில், ஏறிவரும் அணிக்கு முதல் இரண்டு வருடப் பயணச் செலவையாவது ஃபெடரேஷன் ஏற்க வேண்டும். மாவட்டச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நீங்களும் உங்கள் நண்பர்களும் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை அதுதான்.